லைட்பாக்ஸுக்குள் கொஞ்சம் கறுப்பு

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் விற்கிறவர்கள், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து அனுப்பும் ஆச்சிமார், கண்டாங்கிச் சேலையை ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருக்கும் குடும்பங்கள் என்று காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் என்னிடம் படம் எடுக்கக் கொடுப்பவர்கள் பலவிதம். ஆனால் எல்லாரும் ஒருநாள் கேட்டுவிடுவார்கள்: “தம்பி, கேமராவுல என்ன செட்டிங் வைக்கிறீக?”

கேட்பதில் நியாயம் இருக்கிறது. மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி லைட்பாக்ஸ், அதாவது பொருளை உள்ளே வைத்துப் படம் எடுக்கிற விளக்குள்ள வெள்ளைப் பெட்டி, இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. கையில் ஒரு கேமராவோ நல்ல போனோ இருக்கிறது. அப்புறமும் பித்தளைச் செம்பு பஞ்சு உருண்டை மாதிரி வெளிறி வருகிறது, அரக்குச் சேலை செங்கல் நிறத்தில் வருகிறது என்றால் செட்டிங்கைத்தானே சந்தேகப்படத் தோன்றும்?

செட்டிங்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். கேமராவை மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), பொருள் முன்னும் பின்னும் நீண்டிருந்தால் எஃப் 11. ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், எவ்வளவு தேவையோ அவ்வளவு. பெட்டியின் விளக்கைப் பொறுத்து 1/15, 1/30 நொடி என்று வரும். ட்ரைபாட் கட்டாயம். ட்ரைபாடில் நிற்கும்போது லென்ஸின் நடுக்கம் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, 2 செகண்ட் டைமரில் எடுக்கலாம். ரா ஃபைலில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பில், எடுங்கள். ஃபோகஸை லைவ் வியூவில், அதாவது கேமராவின் திரையில், பெரிதாக்கிப் பார்த்துக் கையால் வையுங்கள்.

எஃப் 16, எஃப் 22 என்று போனால் இன்னும் கூர்மையாக வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபோகஸ் ஆழம் கூடும், உண்மைதான். ஆனால் அவ்வளவு சிறிய துளை வழியாக வரும்போது ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்க லேசாக மழுங்கிவிடும். கொட்டானின் (பனை ஓலையில் முடையும் கூடை) ஓலை இழை, நகைப்பெட்டியின் செதுக்கல் மாதிரி நுணுக்கமான வேலைப்பாடுகளில் அது உடனே தெரியும். ஆழம் போதவில்லை என்றால் ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்தி நாலைந்து படம் எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வது மேல்.

ஷட்டரில் இன்னொரு கணக்கும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. 1/250, 1/500 என்று வேகமாக எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும், அல்லது ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும். 1/50, 1/25 என்று மெதுவாகப் போனால் அந்தத் துடிப்பு தன்னாலேயே சமனாகிவிடும். ட்ரைபாட் இருக்கும்போது வேகத்துக்கு என்ன அவசியம்?

அடுத்தது, வெள்ளைப் பின்னணி ஏன் சாம்பலாக வருகிறது என்ற கேள்வி. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். பெட்டிக்குள் முக்கால்வாசி வெள்ளை என்பதால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்பதை நம்பாதீர்கள். +1லிருந்து +1⅔ ஸ்டாப் வரை தள்ளி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஹிஸ்டோகிராமில், அதாவது இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தில், வலது ஓரத்துக்குப் பக்கத்தில் பின்னணியின் மேடு வந்து நின்றால் சரி. பொருளின் மேலேயே வெளிச்சம் வழிந்து விவரம் அழிகிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். பின்னணியை முழு வெள்ளையாக்குவதை எடிட்டிங்கில் முடித்துக்கொள்ளலாம், பொருளில் அழிந்த விவரம் திரும்பி வராது.

செட்டிங் இவ்வளவுதான். வெங்கலத்துக்கும் ஓலைக்கும் துணிக்கும் இதில் பெரிய மாற்றம் கிடையாது. மாறுவது வெளிச்சம்.

லைட்பாக்ஸ் என்பது நிழலைத் துரத்துவதற்கென்றே செய்த பொருள். மேலே எல்இடி, சுற்றிலும் வெள்ளைத் துணி, கீழே வெள்ளை. எல்லாப் பக்கமும் ஒளி பட்டுத் திரும்பித் திரும்பிப் பொருளின் மேல் விழுகிறது. மொபைல் கவருக்கும் சோப்பு டப்பாவுக்கும் அது போதும். நம் பக்கத்துச் சாமான்கள் அப்படிப்பட்டவை இல்லை. ஒரு தூக்குச்சட்டியின் அழகு அது வளைகிற இடத்தில் இருக்கிறது, கொட்டானின் அழகு ஓலை ஓலையாக மேடு பள்ளமாகப் போகும் பின்னலில் இருக்கிறது. மேடு பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிழல். அதைத் துரத்திவிட்டு எதைக் காட்டப்போகிறோம்? ஆகவே பெட்டியை வாங்கியவுடன் கூடவே நாலு கறுப்புச் சார்ட் அட்டையும் வாங்கிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற சாதாரண அட்டைதான். பளபளப்பில்லாத பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

பித்தளையில் இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் திணறுவது அங்கேதான்.

பித்தளை, வெள்ளி, வெங்கலம் எல்லாம் அரைகுறைக் கண்ணாடிகள். கண்ணாடியைப் படம் எடுத்தால் அதற்கு எதிரில் இருப்பதுதான் படத்தில் வரும். வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த செம்பு, சுற்றியிருக்கும் வெள்ளைத் துணியைத்தான் பிரதிபலிக்கும். பின்னணியும் வெள்ளை, செம்பின் விளிம்பில் தெரிவதும் வெள்ளை. செம்பு எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். இதற்குக் கறுப்பு அட்டையை ஒரு சாண் அகல நீளப் பட்டையாக வெட்டி, செம்புக்கு இடமும் வலமும், படச் சட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்த வேண்டும். லைவ் வியூவைப் பார்த்துக்கொண்டே அட்டையை நகர்த்துங்கள். செம்பின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு ஒன்று மேலிருந்து கீழாக இறங்கும். கழுத்து ஒடுங்கும் இடத்தில் அந்தக் கோடும் ஒடுங்கும், வயிறு பெருக்கும் இடத்தில் கூடவே பெருக்கும். அட்டை கிட்ட வந்தால் கோடு தடிக்கும், தள்ளிப் போனால் மெலியும். அந்த ஒரு கோட்டில் பாத்திரத்துக்குக் கனம் வந்துவிடும்.

பாத்திரத்தின் நடு வயிற்றில் கேமராவும் நாமும் கறுப்புப் புள்ளியாகத் தெரிவோம். அதைத் தவிர்க்க வேண்டுமானால் தள்ளிப் போங்கள். பெட்டியின் முன் துணியை மூடி, அதில் இருக்கும் கீறல் வழியாக நீள லென்ஸில் எடுக்கலாம். எப்படியும் 18 மில்லிமீட்டர் பக்கத்தில் வைத்துக் கிட்டே போய் எடுக்காதீர்கள். செம்பின் வயிறு முன்னால் பிதுங்கும், அடிப்பாகம் சுருங்கும், வாங்குகிறவர் வேறு பாத்திரத்தை மனதில் வைத்துக்கொள்வார். சிறிய சென்சார் கேமரா என்றால் 50 மில்லிமீட்டர் லென்ஸே போதும், பெரிய சென்சாருள்ள முழு ஃபிரேம் கேமராவில் 85லிருந்து 100 வரை.

ரிஃப்ளெக்‌ஷனைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வெறும் உலோகத்தில் படும் பளபளப்பை அது குறைக்காது. கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் அடித்த மரம், எனாமல் ஆகியவற்றில் குறைக்கும். ஆகவே கண்ணாடி போட்ட தஞ்சாவூர்ப் படத்துக்கும், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த எனாமல் வாளிக்கும் தட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பித்தளைக்கு அட்டையே கதி. எனாமல் சாமான் என்றால் இன்னும் ஒன்று: அடியில் ஸ்வீடன் என்றோ ஜப்பான் என்றோ முத்திரை இருந்தால் அதைத் தனிப் படமாக எடுங்கள். எனாமல் தெறித்து இரும்பு தெரியும் இடத்தையும் எடுங்கள். சேகரிக்கிறவர்கள் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான்.

இதோடு ஒரு வேண்டுகோள். படம் எடுக்கப்போகிறோம் என்று பழைய பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காலத்தால் ஏறிய அந்தப் பழுப்புக்காகத்தான் விலை கொடுக்கிறார்கள். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, கைரேகை படாமல் துணியாலேயே பிடித்துப் பெட்டிக்குள் வைத்தால் போதும்.

கொட்டானுக்கு வழி வேறு. அங்கே பிரதிபலிப்பு இல்லை, பின்னல் தெரிய வேண்டும். மேலே இருக்கும் எல்இடியை மட்டும் நம்பினால் மூடி பளிச்சென்றும் அடி மங்கலாகவும் வரும், ஏனென்றால் விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். பெட்டிக்குள் வெள்ளைச் சுவர் எதிரொளித்து அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது, முழுதாக அல்ல. நான் மேல் விளக்கைப் பாதியாகக் குறைத்து, இடது பக்கத் துணிக்கு வெளியே அதே நிற வெப்பமுள்ள, அதாவது ஒளியில் அதே மஞ்சள் அல்லது நீலச் சாயலுள்ள, இன்னொரு எல்இடி பேனலை வைத்து, வலது சுவரில் உள்பக்கமாக முழுக் கறுப்பு அட்டையைச் சாய்த்துவிடுவேன். பனை ஓலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் மெல்லிய நிழல் கிடைக்கும். முடைந்த கை தெரியும்.

இனி கண்டாங்கி. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது. கட்டம், கோடு, அகலக் கரை, அதைவிட முக்கியமாக அந்த அழுத்தமான நிறங்கள்: அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. இந்த நிறங்கள் படத்தில் தவறினால் பார்சல் திரும்பி வரும். அதைவிட வருத்தம், “காரைக்குடிச் சேலை படத்துல ஒண்ணு, நேர்ல ஒண்ணு” என்ற பேச்சு வரும். ஒரு நெசவாளர் தறியில் உட்கார்ந்து நெய்ததை நாம் ஒரு மட்டமான விளக்கால் கெடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

கெடுப்பது பெரும்பாலும் விளக்குதான். எல்இடி வாங்கும்போது அதன் அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருக்கும். அந்த எண், வெளிர்ந்த எட்டு நிற மாதிரிகளை விளக்கு எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதன் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ஆர் 9 என்ற தனி அளவு. சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் ஆர் 9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கூட இருக்கலாம். அந்த விளக்கின் கீழே அரக்கு செத்துப்போய் மண் நிறமாகத் தெரியும். எந்த செட்டிங்காலும் அதை மீட்க முடியாது, ஏனென்றால் திருப்பி அனுப்பத் தேவையான சிவப்பு ஒளியே துணியின் மேல் விழவில்லை. சேலை, குங்குமச்சிமிழ், செட்டிநாட்டு வத்தல் மிளகாய், எது எடுத்தாலும் சரி, சிஆர்ஐ 95க்கு மேல், ஆர் 9 எவ்வளவு என்று தெளிவாகப் போட்டிருக்கிற விளக்காகப் பாருங்கள். கேமராவில் செலவழிப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட்டு விளக்கில் செலவழிக்கலாம், அவ்வளவு வித்தியாசம் தெரியும்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே வருவதற்கான நிறச் சரிசெய்தலை, ஆட்டோவில் விடாதீர்கள். படத்தில் மஞ்சள் சேலை நிறைந்திருந்தால், வெளிச்சம்தான் மஞ்சள் என்று நினைத்து கேமரா நீலத்தைச் சேர்த்துவிடும். அடுத்த படத்தில் அரக்குச் சேலை என்றால் வேறு பக்கம் சாய்க்கும். 5500 கெல்வின் என்று நிற வெப்பத்தின் எண்ணைப் போட்டு வைப்பதும் பாதித் தீர்வுதான். மலிவான எல்இடியில் பச்சைச் சாயல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், கெல்வின் எண் அதைத் தொடாது. சேலை இருக்கும் இடத்திலேயே கிரே கார்டை, அதாவது எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டையை, வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் செய்யுங்கள். விளக்கை நகர்த்தினாலோ அட்டையை மாற்றினாலோ மறுபடியும் எடுங்கள்.

சிவப்பில் இன்னொரு சிக்கல். சாதாரண ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும், ஆனால் சிவப்பு சேனல் மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். அப்படி முட்டினால் இழையும் மடிப்பும் அழிந்து சிவப்பு ஒரே பூச்சாக ஆகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ⅓ முதல் ⅔ ஸ்டாப் வரை குறையுங்கள். பின்னணி கொஞ்சம் சாம்பலாகும், பரவாயில்லை. நெருக்கமான நெசவில் சில சமயம் வானவில் மாதிரி அலைகள் தெரியும். கேமராவைச் சற்று முன்னே பின்னே நகர்த்தினாலோ சேலையைக் கொஞ்சம் திருப்பினாலோ போய்விடும்.

ஜன்னலைச் சாத்துங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். பகல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் ஒரு நிறம், எல்இடி ஒரு நிறம். மூன்றும் கலந்தால் சேலையின் ஒரு மடிப்பு நீலமாகவும் மறு மடிப்பு மஞ்சளாகவும் வரும். “வளவு முற்றத்துல நல்ல வெளிச்சம் இருக்கு, அங்கேயே வச்சு எடுத்திரலாமே” என்று ஆச்சிமார் சொல்வார்கள். முற்றத்து வெளிச்சம் எனக்கும் பிடிக்கும், திறந்த வானம் மேலிருந்து இறங்க, சுண்ணாம்புச் சுவர் நாலு பக்கமும் எதிரொளிக்க, அதுவும் ஒரு பெரிய லைட்பாக்ஸ்தான். ஆனால் தரையில் ஆத்தங்குடிக் கல், ஆத்தங்குடி ஊரில் செய்கிற பூவேலைத் தரை ஓடு. அந்தச் சிவப்பும் பச்சையும் பொருளின் அடிப்பாகத்தில் ஏறும். முற்றத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், வெள்ளை வேட்டி ஒன்றை அகலமாக விரித்து அதன்மேல் மேசையைப் போட்டு எடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லையே படம் எடுக்கக் கொடுத்தால் பெட்டி தேவையில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிற கல் என்பதால் முகம் வழவழவென்று இருக்கும், பெட்டியின் மேல் விளக்கு அதில் அப்படியே தெரியும். கல்லைத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரியான இரண்டு விளக்கு வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல உபாயம் உண்டு: கல்லின் நடுவில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். உங்கள் லென்ஸின் பிம்பம் திரையின் சரியான நடுவில் தெரிந்தால் கேமரா கல்லுக்கு இணையாக இருக்கிறது. இல்லையென்றால் சதுரக் கல் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி வந்து, பூவேலை பொருந்தாத மாதிரி தோன்றும்.

பலகாரத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டாம் என்பது என் கருத்து. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வெள்ளையில் காணாமல் போகும். கருமரப் பலகை அல்லது சாம்பல் நிற அட்டை நன்றாக இருக்கும். விளக்கைப் பின்பக்கத்திலிருந்து சாய்த்துக் கொடுத்து, முன்னால் ஒரு வெள்ளை அட்டையால் கொஞ்சம் ஒளியைத் திருப்பினால், கைமுறுக்கின் முறுக்கு ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். அதிரசம் மட்டும் அவசரப்படுத்தும். நேரம் போகப்போக எண்ணெய் மேலே வந்து மினுங்கும், ஆகவே ஃபோகஸ், வெளிச்சம் எல்லாவற்றையும் வேறு எதையாவது வைத்துச் சரிசெய்துவிட்டுக் கடைசியில் அதிரசத்தை எடுத்து வையுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு: 2எக்ஸ் லென்ஸ் தனியாக இருந்தால் அதில், கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். திரையில் பொருளின் மேல் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை விரலால் ஏற்றி இறக்கலாம். ஒரு சின்ன ஸ்டாண்டு, 3 செகண்ட் டைமர், துடைத்த லென்ஸ். மற்றபடி கறுப்பு அட்டை விவகாரம் முழுக்க போனுக்கும் பொருந்தும்.

எடுத்து முடித்ததும் ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற நிற முறையில் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு முறையில் விட்டால் பல போன்களிலும் ஆப்களிலும் அரக்கு வெளிறித் தெரியும். அமேசானில் போடுவதாக இருந்தால் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி வேண்டும், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் 255. பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். கறுப்புக் கோட்டோடு எடுத்த பித்தளை இங்கேயும் கைகொடுக்கும், விளிம்பு தெளிவாக இருப்பதால் வெட்டி எடுப்பது சுலபம். பழைய சாமானை நேரடியாக வாங்கும் ஆட்களுக்கு அனுப்பும் படங்களை நான் வெளிர் சாம்பலிலேயே விட்டுவிடுகிறேன், பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல் வைத்து ஒரு படமும் சேர்த்து.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் அது படத்தைச் சுருக்கி, ஓலை இழையையெல்லாம் கூழாக்கிவிடும்.